சராசரிக் கொக்கி

நகரக் குடிநீர் வாரியத்தில் பிரிவுகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் தண்ணீருக்குத்தான். மேட்டுக் குடியிருப்புக்குக் குழாய் போட்டார்கள். குழாயில் காற்று மட்டும் வந்தது. அந்தக் காற்றை ஆறு மாதம் ஆராய்ந்து, அது காற்றுதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகு, வாரியம் மனமிரங்கி ஒரு தண்ணீர் டிரெய்லரை அனுப்ப முடிவு செய்தது. டிரெய்லர் என்றால் சக்கரம் வைத்த ஒரு பெரிய இரும்புத் தொட்டி. அதற்கென்று எஞ்சின் கிடையாது. முன்னால் ஒரு பிக்கப் வண்டி அதை இழுத்துக்கொண்டு போகும். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு கொக்கி. அந்தக் கொக்கியால்தான் இத்தனை வம்பும் வந்தது.

பிக்கப்பை ஓட்டியவனை எல்லோரும் டிரைவர் என்றே கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். தொட்டியின் பின்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு தகரப் பலகை இருந்தது. அதில் நின்றுகொண்டு வருபவன் வால்வு ஆள். மேட்டில் போய் வண்டி நின்ற பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டும். ஆனாலும் கிளம்பும்போதே அவன் பலகையில் ஏறி நின்றுவிட வேண்டும் என்பது வாரியத்தின் விதி. ஏன் என்று கேட்டால், வால்வு ஆள் வால்வுக்குப் பக்கத்தில் நிற்காமல் வேறு எங்கே நிற்பான் என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்டவனுக்கே தன் கேள்வி முட்டாள்தனமாகப் படும்.

வால்வு ஆள் டிரைவரின் மைத்துனன், மனைவியின் தம்பி. டிரைவர்தான் நாலு பேரிடம் கெஞ்சி அந்தத் தற்காலிக வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தான். வேலை நிரந்தரமாகும்வரை எதற்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

பழைய கொக்கியில் கீறல் விட்டதும் வாயைத் திறக்க வேண்டியதாகிவிட்டது.

கொக்கி என்பது பேச்சுக்கு ஒன்று. உண்மையில் அது மூன்று சாமான்கள். வண்டியின் அடியில் ஒரு இரும்புச் சட்டம். சட்டத்தில் செருகும் ஒரு கம்பி. கம்பியின் நுனியில் ஒரு இரும்பு உருண்டை. டிரெய்லரின் மூக்கில் இருக்கிற கிண்ணம் அந்த உருண்டையின் மேல் கவிழ்ந்து உட்காரும். ஒவ்வொன்றிலும் அது எத்தனை டன் தாங்கும் என்று அச்சடித்திருக்கும். சாமான் கிடங்கில் கொடுத்த புதுச் சட்டத்தில் ஐந்து டன் என்று இருந்தது. கம்பியில் நான்கு டன். உருண்டையில் ஒன்றரை.

டிரைவர் உருண்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சார், இதுல ஒன்றரை டன்னுதான் போட்டிருக்கு."

"போட்டிருக்கட்டும்" என்றார் கிடங்குக்காரர்.

"நம்ம டிரெய்லர் தண்ணியோட மூன்றரை டன் வருமே சார்."

"கம்பெனிக்காரன் எப்பவும் கம்மியாத்தான்யா போடுவான். அது ஒரு தன்னடக்கம். உன்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டா 'எனக்கு ஒரு கரண்டி போதும்'னு சொல்ல மாட்ட? அப்புறம் எவ்வளவு சாப்பிடுவே? அந்த மாதிரிதான்."

"பெரிய உருண்டை இல்லையா சார்?"

"பெருசு வாங்கணும்னா முதல்ல இது தீரணும்." அவர் அலமாரியைக் காட்டினார். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை உருண்டைகள் அடுக்கியிருந்தன. அத்தனையும் ஒன்றரை டன்.

"இதெல்லாம் எப்ப சார் தீரும்?"

"நீ போய் இழுக்க ஆரம்பி. ஒண்ணு ஒண்ணா தீரும்."

உருண்டை வந்த அட்டைப் பெட்டியின் மேல் ஒரு படம் போட்டிருந்தது. மூன்று சாமான், மூன்று எண். மிகச் சின்ன எண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் இன்னொரு படம், அதில் வண்டி முன்னால் போக, டிரெய்லர் கழன்று பின்னோக்கி உருள்கிறது. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும்படி வரைந்திருந்தான் எவனோ ஒரு புண்ணியவான். வாரியத்தில் எல்லோரும் படித்தவர்கள் என்பதால் யாரும் படத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாப்பிடும்போது மைத்துனன்தான் பேச்சுவாக்கில் அக்காவிடம் சொல்லிவிட்டான். அவள் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அது உடைஞ்சா என்னாகும்?"

"உடையாது."

"உடைஞ்சா?"

"ஏத்தத்துல உடைஞ்சா டிரெய்லர் பின்னாடி உருளும்."

"பின்னாடி யாரு நிக்கிறா?"

மைத்துனன் சட்டென்று தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான்.

"அம்மா போனப்புறம் இவனை நான்தாங்க தூக்கி வளர்த்தேன். நீங்கதான் அந்த வேலையில சேர்த்துவிட்டீங்க. நீங்கதான் பேசணும்" என்றாள் அவள். சத்தமே போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் டிரைவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் அவன் வண்டிப் பிரிவு அதிகாரியின் முன் போய் நின்றான். அதிகாரி நல்லவர். யார் வந்தாலும் உட்காரச் சொல்வார், நாற்காலிதான் இருக்காது.

"டிரெய்லர் எடை என்ன?"

"காலியா ஒரு டன் சார்."

"கொக்கி?"

"ஒன்றரை சார். ஆனா..."

"அரை டன் மிச்சமே இருக்கு! அப்புறம் என்னப்பா?"

"தண்ணி சார்."

"எந்தத் தண்ணி?"

"தொட்டிக்குள்ள இருக்கிற தண்ணி சார். அதுவே ரெண்டரை டன் வரும்."

அதிகாரி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, வண்டி என் பிரிவு, டிரெய்லர் என் பிரிவு, கொக்கி என் பிரிவு. தண்ணி என் பிரிவா? அது விநியோகப் பிரிவு. அடுத்தவன் பிரிவுல இருக்கிற சாமானை என் டிரெய்லர் கணக்குல ஏத்தினா நாளைக்கு அவன் என் மேல சண்டைக்கு வர மாட்டானா?"

விநியோகப் பிரிவு மாடியில் இருந்தது. அங்கே இருந்த அம்மாள் அவன் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்ககிட்ட தண்ணி லிட்டர்லதான் இருக்கு. டன்னுல கிடையாது."

"லிட்டருக்கு ஒரு கிலோ மேடம்."

"அது உங்க வீட்ல. வாரியத்துல தண்ணிங்கறது சொத்து. சொத்தைப் போய் சுமைன்னு சொல்றீங்களே, இது வெளியில தெரிஞ்சா என்னாகும்? குடிநீரை வாரியமே சுமையா நினைக்குதுன்னு பேச மாட்டாங்களா? வாய் தவறிக்கூட இன்னொரு தடவை சொல்லாதீங்க."

டிரைவர் கீழே இறங்கி வந்தான். மாடிப்படியில் ஏதோ தப்புச் செய்துவிட்டு வருகிறவனைப் போல ஓரமாக நடந்தான். தண்ணீருக்கு எடை உண்டு என்று தான் இத்தனை நாள் நினைத்திருந்தது சரிதானா என்றுகூட ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. மூலையில் இருந்த குடிநீர் கேனைத் தூக்கிப் பார்த்தான். கனத்தது. அதைத் தூக்கியதற்காகக் காவலாளி அவனைத் திட்டினான்.

இப்படி அவன் மேலும் கீழுமாக அலைந்ததில் ஒரு நன்மை விளைந்தது. பிரச்சினையைத் தீர்க்க வாரியம் ஒரு குழு அமைத்தது. பெயர் இணைப்புத் திறன் நிர்ணயக் குழு. தலைவர் வாரியத்தில் பல காலம் இருந்தவர். எந்தப் பிரிவில் இருந்தார் என்று கேட்டால் எல்லாப் பிரிவையும் சொல்வார்கள். குழு கூடிய அறையில் நீண்ட மேசை, மேசை மேல் பிஸ்கட் தட்டு, நடுவில் ஒரு துணி விரித்து அதன் மேல் அந்த உருண்டை. டிரைவரைச் சாட்சி என்ற முறையில் கதவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள்.

முதல் ஒரு மணி நேரம் உருண்டையை உருண்டை என்று அழைப்பதா, கோளம் என்று அழைப்பதா என்று விவாதித்தார்கள். கோளம் என்று முடிவானது. வாரியத்தின் நாகரிகத்துக்கு அதுதான் பொருத்தம் என்று தலைவர் கருதினார். பிறகு மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதினார்கள். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் பொறியாளர் மட்டும் கையைத் தூக்கினார்.

"சார், மூணுல எது ரொம்பக் குறைவோ அதைத்தான் எடுத்துக்கணும். மத்த ரெண்டும் எவ்வளவு தாங்கினாலும் உருண்டை... கோளம் உடைஞ்சா எல்லாம் போச்சு."

டிரைவருக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. தலைவர் எழுந்து நின்றார். அவருக்குக் கோபமில்லை, வருத்தம்தான்.

"இது அவநம்பிக்கை" என்று அவர் மேடைக் குரலில் ஆரம்பித்தார். "ஒரு கூட்டமைப்பை அதில் இருக்கும் மிகப் பலவீனமான உறுப்பை வைத்து எடைபோடுவது என்ன நியாயம்? ஐந்து டன் தாங்கும் சட்டம் இருக்கிறது. நான்கு டன் தாங்கும் கம்பி இருக்கிறது. அவர்களுடைய உழைப்புக்கெல்லாம் மதிப்பில்லையா? வல்லவர்கள் இருவர் சேர்ந்து ஒரு எளியவனைத் தாங்கிப் பிடிப்பதுதானே நிர்வாகம்? இந்த வாரியமே அப்படித்தானே நடக்கிறது! பலவீனமானவரை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றால், நம் குழுவின் திறனை எப்படி நிர்ணயிப்பது? யாரை வைத்து நிர்ணயிப்பது?"

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் மனதில் வந்தது. எல்லோரும் அவசரமாகத் தலைவரை ஆமோதித்தார்கள்.

"ஆகவே சராசரி" என்றார் தலைவர்.

ஐந்தும் நான்கும் ஒன்றரையும் கூட்டினால் பத்தரை. மூன்றால் வகுத்தால் மூன்றரை. தண்ணீரோடு டிரெய்லரின் எடையும் மூன்றரை. இழை பிசகாமல் பொருந்தியது. ஒரு உறுப்பினருக்குப் புல்லரித்துவிட்டது. அவர் முழங்கையை மற்றவர்களுக்குக் காட்டினார். இத்தனை துல்லியமாகப் பொருந்தும் கொக்கியைத் தேர்ந்தெடுத்த கிடங்குக்காரரைப் பாராட்ட ஒரு தீர்மானம் போட்டார்கள். பெண் பொறியாளரை மறுவாரமே மீட்டர் பழுதுபார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

"ஐயா, வண்டி ஏத்தத்துல போகணும்" என்று டிரைவர் கதவருகிலிருந்து சொல்லிப் பார்த்தான்.

"அதையும் யோசிக்காமல் இருப்போமா? போகும்போது ஏற்றம். வரும்போது இறக்கம். சராசரி என்ன?"

டிரைவர் தலையைச் சொறிந்தான்.

"சமதரை" என்றார் தலைவர் கனிவாக.

சமதரையில் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். வாரியத்தின் முற்றத்திலேயே நடந்தது. தொட்டியில் தண்ணீர் இல்லை, விநியோகப் பிரிவு தர மறுத்துவிட்டது. தலைவரே பின்பலகையில் ஏறி நின்று கையசைத்தார். வண்டி முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. எதுவும் உடையவில்லை. தலைவர் இறங்கி வந்து டிரைவரின் தோளில் தட்டி, "பார்த்தாயா, நானே நின்றேன்" என்றார். அவர் நின்றது உண்மை.

மறுநாள் காலை தொட்டியை நிரப்பினார்கள். பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்தது. மைத்துனன் பலகையில் ஏறி நின்றான். வாசல் காவலாளி அவன் நிற்பதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு கேட்டைத் திறந்தான். கடைவீதியைத் தாண்டி ஏற்றம் ஆரம்பிக்கும் இடத்தில் டிரைவர் வண்டியை ஓரம்கட்டினான்.

"மாப்ள, முன்னாடி வந்து உக்காரு."

"மாமா, விதி..."

"விதி கெடக்கட்டும். உங்க அக்காவுக்கு நான் பதில் சொல்லணும். வா."

மைத்துனன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் கியரில் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. பாதித் தூரம் போயிருக்கும். பின்னால் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திடீரென்று பிக்கப் இறகு போல லேசாகி முன்னால் பாய்ந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். டிரெய்லர் அவர்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. முதலில் நிதானமாக, பிறகு நிதானமில்லாமல். வளைவில் இருந்த கல்சுவரில் பின்பக்கத்தைக் கொடுத்து மோதி நின்றது. நல்லவேளை, சாலையில் யாரும் இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தார்கள். தொட்டி நசுங்கி, தண்ணீர் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. பலகை நின்ற இடத்தில் சுவர்தான் இருந்தது. பலகையை எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

மைத்துனன் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டான். டிரைவர் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான், இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல.

விசாரணை அதே அறையில், அதே மேசையில், அதே தலைவரின் முன்னிலையில் நடந்தது. கொக்கியைப் பற்றிய விசாரணை சீக்கிரம் முடிந்துவிட்டது. சட்டமும் கம்பியும் சேதமில்லாமல் இருந்தன. மூன்றில் இரண்டு நன்றாக இருந்ததால் கொக்கி பெரும்பான்மையாக நல்ல நிலையில் உள்ளது என்று முடிவானது. பிறகு மைத்துனனைக் கூப்பிட்டார்கள்.

"சம்பவம் நடந்தபோது நீ எங்கே இருந்தாய்?"

"முன்னாடி உக்காந்திருந்தேங்க."

"உன் பணியிடம் எது?"

"பின்னாடி பலகைங்க."

"பலகை நசுங்கியபோது பலகையில் இல்லாமல் போனதற்கு உன் விளக்கம் என்ன?"

மைத்துனன் விழித்தான். டிரைவரைப் பார்த்தான்.

"நின்னிருந்தா செத்திருப்பேங்க."

"அது உன் யூகம்" என்றார் தலைவர். "நீ பணியிடத்தில் இருந்து இறந்திருந்தால் வாரியம் உன்னைக் கைவிட்டிருக்குமா? உன் குடும்பத்துக்கு வேலை கொடுத்திருக்கும். வாசலில் உன் படத்தை மாட்டியிருக்கும். இப்போது பார், உனக்காக வாரியத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தச் சங்கடத்தை எங்களுக்கு ஏன் கொடுத்தாய்?"

டிரைவருக்குத் தாங்கவில்லை. "அவனை நான்தாங்க முன்னாடி வரச் சொன்னேன்" என்றான்.

தலைவர் அவன் பக்கம் திரும்பினார். இதற்காகவே காத்திருந்தவர் போல இருந்தது.

"அப்படியானால் கொக்கி உடையும் என்று உனக்கு முன்கூட்டியே தெரியும்."

"தெரியாதுங்க."

"தெரியாதென்றால், காரணமில்லாமல் ஒரு பணியாளரை இடம் மாற்றியிருக்கிறாய். தெரியுமென்றால், உடையும் கொக்கியைத் தெரிந்தே ஓட்டியிருக்கிறாய். எது? நிதானமாக யோசித்துச் சொல். இரண்டுக்கும் தண்டனை உண்டு."

டிரைவர் நிதானமாகத்தான் யோசித்தான். மனைவியின் முகம் கண் முன்னால் வந்தது.

"பயமா இருந்துச்சுங்க" என்றான்.

உறுப்பினர்கள் கூடிப் பேசினார்கள். பயம் எந்தப் பிரிவில் வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் தீர்ப்புச் சொன்னார்கள். டிரைவரின் பயத்தால் வால்வு ஆள் முன்னிருக்கைக்கு மாறினான். அவன் மாறியதால் டிரெய்லரின் சமநிலை கெட்டது. சமநிலை கெட்டதால் கோளம் மனம் நொந்து உடைந்தது. மனம் நொந்து என்ற சொற்களைப் பிறகு அடித்துவிட்டார்கள். இருவரையும் வேலையை விட்டு நீக்கலாம். ஆனால் வாரியத்துக்குப் பெரிய மனசு. இனிமேல் பலகையை விட்டு நகர மாட்டேன் என்று வால்வு ஆள் எழுதிக் கொடுத்தால் இருவருக்கும் வேலை உண்டு. அவன் நகரவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ள ஒரு மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்வார்.

மைத்துனன் எழுதிக் கொடுத்தான். அவனுக்கு வேறு வேலை இல்லை. வேறு வேலை இருக்கிறவர்கள் தகரப் பலகையில் ஏறி நிற்க மாட்டார்கள்.

"வேண்டாம்டா, எழுதிக் குடுத்ததைப் போய் வாங்கிட்டு வா" என்று அக்கா அழுதாள்.

"வாங்கிட்டு வந்து? நீ எத்தனை நாளைக்குக்கா எனக்குச் சோறு போடுவே? மாமா பாத்துப்பாரு" என்றான் அவன்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் டிரைவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான்.

புது டிரெய்லர் வந்தது. கிடங்குக்காரர் அலமாரியிலிருந்து இன்னொரு உருண்டையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். "ஒண்ணு தீர்ந்துச்சு பாத்தியா" என்றார். தொட்டியை விளிம்புவரை நிரப்பினார்கள். மைத்துனன் பலகையில் ஏறினான். மோட்டார் சைக்கிள் பின்னால் வந்தது.

ஏற்றத்தின் அடியில் டிரைவர் வண்டியை நிறுத்தினான். இறங்கிப் பின்னால் போனான். மேற்பார்வையாளர் வண்டியை நிறுத்தி அவனைக் கவனித்தார். டிரைவர் குனிந்து, தொட்டியின் அடியில் இருந்த வடிகால் வால்வை இரண்டு கையாலும் திருகினான். தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

"மாமா! என்ன பண்றீங்க?"

"நீ பேசாம நில்லு மாப்ள."

டிரைவர் மேற்பார்வையாளரைப் பார்த்தான். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அவர் சாவகாசமாகக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் வேலை அவன் நிக்கிறானான்னு பாக்கிறதுதான்யா. நிக்கிறான். தண்ணி விநியோகப் பிரிவு."

தண்ணீர் சாலையோரச் சாக்கடையில் சலசலவென்று இறங்கியது. நல்ல தண்ணீர். டிரைவருக்கு அதைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். அந்தச் சத்தம் மேட்டுக்குக் கேட்டுவிட்டது. அங்கே பல வாரமாக வண்டி வரவில்லை. முதலில் ஒரு பெண் இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு ஓடி வந்தாள். ஓட்டத்தில் செருப்பு ஒன்று வழியிலேயே கழன்று கிடந்தது. அவள் கொட்டுகிற தண்ணீரையும் டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத்தனை தண்ணிய யாருக்குய்யா ஊத்துற?"

அவள் கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மன்னிச்சிருங்கம்மா. பின்னாடி ஒருத்தன் நிக்கிறான் பாருங்க. என் வீட்டுக்காரியோட தம்பி. அவனுக்காகத்தான்" என்றான்.

அவளுக்கு என்ன புரிந்ததோ, மைத்துனனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வால்வுக்கு அடியில் குடத்தை வைத்தாள். பின்னால் இன்னும் பெண்கள், கிழவர்கள், கையில் வாளியோடு பிள்ளைகள். சாக்கடைக்குப் போனது போக மிச்சத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தொட்டியின் அடியில் கொஞ்சம் இருக்கிறது என்று தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு டிரைவர் வால்வை மூடினான். பிக்கப்பின் பின்பக்கம் உயர்ந்திருந்தது. பல நாளுக்குப் பிறகு அவனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

வண்டி ஏற ஆரம்பித்தது. செங்குத்தான இடம். முதல் கியரில் நடக்கிற வேகத்தில்தான் போக முடியும். வண்டிக்கு இரண்டு பக்கமும் பெண்கள் நிறைகுடங்களைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். செருப்பு கழன்றவள் டிரெய்லரை ஒட்டி நடந்து வந்தாள். தார்ச்சாலை சுட்டதில் ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். மைத்துனன் அவளிடம் ஏதோ சொன்னான். குனிந்தான். அவள் குடத்தை வாங்கிப் பலகையில் தன் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"மாப்ள, வேணாம்!" டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்.

"பாவம் மாமா! ஒரு குடம்தானே!"

இதைப் பார்த்ததும் பின்னால் வந்தவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள். ஒரு கிழவர் வாளியை நீட்டினார். அதையும் வாங்கினான். இன்னொருத்தி இரண்டு குடம். பலகை நிறைந்ததும் தொட்டியின் மேல் விளிம்பில் வரிசையாக வைக்கச் சொன்னான். கனம் இறங்கிய பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளை உருட்டியபடி திருப்தியாகத் தலையை ஆட்டினார். ஆள் இன்று பலகையை விட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

டிரைவர் மறுபடி கத்தினான். எஞ்சின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. நிறுத்தலாம் என்றால், ஏற்றத்தின் நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பும் இழுப்பில்தான் உருண்டைக்குச் சோதனை அதிகம். நிறுத்தாமல் போகலாம் என்றால், இன்னும் பாதி ஏற்றம் இருக்கிறது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்த காலை அசைக்காமல் வைத்திருந்தான். பிக்கப்பின் பின்பக்கம் மெல்லத் தாழ்வதை முதுகில் உணர்ந்தான். கண்ணாடியில் மைத்துனன் ஒரு கையால் தொட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி, மறு கையை அடுத்த குடத்துக்காக நீட்டிக்கொண்டிருந்தான்.